காரம் முதலியவை

எங்கள் குடியிருப்புக்குப் பக்கத்தில் இருக்கும் தாய்லாந்து ஹிபாச்சி உணவகத்தில், ஒருவர் சாப்பிடும் காரம் அவருக்கு எரிவதில்லை. அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருப்பவருக்கு எரியும். உணவு அட்டையின் அடியில் இதைச் சின்ன எழுத்தில் போட்டிருக்கிறார்கள்: ‘காரம் முதலியவை இடப்பக்கத்தவரைச் சேரும். பார்சலுக்கும் பொருந்தும்.’

டெக்சஸில் நாங்கள் இருக்கும் இந்தப் புறநகரில் இது எல்லோருக்கும் தெரியும். உணவகம் ஒரு பல் மருத்துவருக்கும் சலவைக்கடைக்கும் நடுவில் இருக்கிறது. உள்ளே போனால் இரண்டு கட்டில் அகலத்துக்கு ஓர் இரும்புக் கல், அதுதான் ஹிபாச்சி. பெரிய தோசைக்கல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைச் சுற்றி மூன்று பக்கமுமாகச் சேர்த்து எட்டு நாற்காலிகள். நான்காவது பக்கத்தில் சமையல்காரர் எர்னெஸ்டோ நின்று, நம் கண்ணெதிரே சமைத்துப் போடுவார். வலக்கோடியில் இருப்பது முதல் நாற்காலி. அதில் உட்காருபவருக்கு வலப்பக்கம் ஆளே இல்லை என்பதால் அவருக்கு ஒரு நாளும் எரியாது. இடக்கோடியில் இருப்பது எட்டாவது. அங்கே உட்கார்ந்து காரம் கேட்டால் தர மாட்டார்கள். கல்லில் நெருப்பு இருக்கும்வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது. மற்றபடி நல்ல இடம்.

பன்னிரண்டு வருஷமாக ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மாலை ஆறு மணிக்கு நான் அந்த முதல் நாற்காலியில் உட்கார்ந்தேன். என் மனைவி கோகிலவாணி இரண்டாவதில். மூன்றாவதில் ஹரால்ட் என்ற ஓய்வுபெற்ற தபால்காரர். அவருக்கும் வெள்ளிக்கிழமைதான் வழக்கம். காது மந்தமானவர்கள் ஆட்டுவது போல, சாப்பிடும்போதெல்லாம் தலையை ஆட்டிக்கொண்டே இருப்பார்.

நான் சாத்தூர்க்காரன். எங்கள் ஊரில் காராச்சேவைத் தின்றுவிட்டுத் தண்ணீர் கேட்கிறவனை ஆள் கணக்கிலேயே சேர்க்க மாட்டார்கள். இந்த உணவகத்தில் காரத்துக்குப் பூஜ்யத்திலிருந்து ஐந்து வரை எண் உண்டு. ஐந்து என்று யாராவது சொன்னால் உரிமையாளர் மாலி அம்மாள் வாசலில் தொங்கும் வெண்கல மணியை அடிப்பார். மேசையில் இருப்பவர்கள் கை தட்டுவார்கள். பன்னிரண்டு வருஷமும் எனக்காக அந்த மணி அடித்தது. துளசிக்கோழி, ஐந்து. நான் வியர்க்காமல் சாப்பிட்டேன். “எங்க ஊர்ல இதெல்லாம் பச்சப்புள்ளைக்குக் குடுக்குறது” என்று ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துச் சொல்லுவேன். வெள்ளைக்காரர்கள் மறுபடியும் கை தட்டுவார்கள். எனக்கு ஏதோ பரம்பரை நிலத்தை மீட்டுவிட்டது மாதிரி இருக்கும்.

வாணி பொள்ளாச்சிக்காரி. அவள் வீட்டில் குழம்புக்கே தேங்காய்ப்பால் ஊற்றுவார்கள். அவள் எப்போதும் பூஜ்யம்தான் சொல்லுவாள். என்னுடைய ஐந்து அவளுக்குப் போகும். அவளுடைய பூஜ்யம் ஹரால்டுக்குப் போகும். ஒரு கூஜா தண்ணீர் முழுவதையும் அவளே குடிப்பாள். கண்ணில் நீர் கொட்டும். எர்னெஸ்டோ வெங்காய வளையங்களைக் கோபுரமாக அடுக்கி, எண்ணெய் ஊற்றிக் கொளுத்தி, நடுவிலிருந்து புகை விடுகிற வித்தையைத் தினமும் காட்டுவார். யாராவது வாணியைப் பார்த்து என்ன ஆயிற்று என்று கேட்டால், “வெங்காயப் புகை” என்பேன். எனக்குத் தெரியாமல் சொன்னதில்லை. அட்டையில் அச்சடித்திருக்கும்போது தெரியாது என்று எப்படிச் சொல்வது? அவளுக்குப் பழகியிருக்கும் என்று நினைத்தேன். இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

அந்த மேசையில் வாணி என்னிடம் பேசி நான் கேட்டதே இல்லை. என் பக்கம் திரும்பியிருக்கும்போது அவள் வாய் அசைவதைப் பார்த்திருக்கிறேன். மெல்லுகிறாள் என்று இருந்துவிட்டேன்.

பத்தாவது வருஷம் என் படத்தை எடுத்துச் சுவரில் மாட்டினார்கள். நான் கோழித்துண்டைத் தூக்கிப் பிடித்துச் சிரித்துக்கொண்டிருப்பேன். படத்தின் ஓரத்தில் வாணியின் கை மட்டும் விழுந்திருக்கிறது, தண்ணீர் தம்ளரோடு.

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காப்பீட்டுச் சீட்டைத் தேடி கார் டாஷ்போர்டைக் குடைந்தபோது வாணியின் மருந்துச் சீட்டு ஒன்று கிடைத்தது. நான்கு வருஷத்துக்கு முந்தைய தேதி. ‘நாக்கில் சுவை உணர்வு முற்றிலும் போய்விட்டது. மேலும் கெடாமல் இருக்க, நோயாளி இனிமேல் கணவருக்கு வலப்பக்கம் உட்கார வேண்டும்’ என்று மருத்துவர் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். சீட்டின் பின்பக்கம் வாணி மளிகைப் பட்டியல் எழுதியிருந்தாள். கொத்தமல்லி, உளுத்தம்பருப்பு, என் சவரப் பிளேடு.

நான்கு வருஷமாக அவளுக்கு எதுவும் ருசிக்கவில்லை. அந்த நான்கு வருஷமும் கை ஞாபகத்தில்தான் சமைத்திருக்கிறாள். ரசத்தில் உப்பு கூடிப்போயிற்று என்று நான் எத்தனை முறை தட்டைத் தள்ளிவிட்டு எழுந்திருப்பேன்! காரிலேயே அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் மதியம் அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டுத் தனியாக உணவகத்துக்குப் போனேன். முதல் நாற்காலியில் ஒரு பள்ளி ஆசிரியை இருந்தார். நான் இரண்டாவதில் உட்கார்ந்து பூஜ்யம் சொன்னேன். மாலி அம்மாள் என்னை ஒரு முறை பார்த்தார். ஆசிரியை நூடுல்ஸ் வாங்கினார். காரம் இரண்டு. ஐந்து இல்லை, இரண்டு.

முதல் வாய் அவர் சாப்பிட்டதும் என் நாக்கில் யாரோ தீக்குச்சி கிழித்தார்கள். இரண்டாம் வாயில் காது அடைத்தது. மூக்கு ஒழுகியது. ஆசிரியை நிதானமாகச் சாப்பிடும் வகை. ஒவ்வொரு வாய்க்கும் நடுவில் கைபேசியில் எதையோ படித்தார். அடுத்த வாய் எப்போது என்று தெரியாமல் அவர் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தக் காத்திருப்பு எரிச்சலைவிட மோசம். பாதியில் எழுந்து ஓடலாம் என்றால் கல்லில் நெருப்பு இருந்தது. மாலி அம்மாள் ஒரு கூஜா தண்ணீரை என் முன்னால் கொண்டுவந்து வைத்தார். வாணி குடிக்கும் அதே கூஜா. சாத்தூர்க்காரன் பன்னிரண்டு வருஷமாக மிளகாயே தின்னவில்லை என்பது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

வீட்டில் அவளிடம் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். வியாழக்கிழமை இரண்டு முறை சமையலறை வாசல்வரை போனேன். திரும்பி வந்துவிட்டேன். அங்கே செய்த தப்பை அங்கேயே வைத்துச் சொல்வதுதான் முறை என்று ஒரு நியாயம் கண்டுபிடித்துக்கொண்டேன். எனக்கு நியாயங்களுக்குப் பஞ்சம் இருந்ததில்லை.

வெள்ளிக்கிழமை கிளம்பும் முன் அவளிடம் அந்தச் சீட்டைக் கொடுத்தேன்.

“இனிமே நீ மொத நாற்காலியில உக்காரு. நான் ரெண்டாவதுல.”

அவள் சீட்டைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தாள். “உளுத்தம்பருப்பு அன்னிக்கு வாங்கவே இல்லைங்க” என்றாள்.

“இன்னைக்கு நீ அஞ்சு சொல்லணும், வாணி. எனக்காக.”

“பாக்கலாமுங்க.”

எங்கள் இடம் மாறியிருப்பதை மேசையில் யாரும் பொருட்படுத்தவில்லை. ஹரால்ட் வழக்கம்போல மூன்றாவதில் இருந்தார். அவருக்கு இடப்பக்கம் அன்றைக்கு ஆள் இல்லை. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்ததும் கைக்குட்டையை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். எர்னெஸ்டோ வந்து, எதிரே நின்று, ஒவ்வொருவராகக் கேட்டார். வாணி இறால் சாதம் கேட்டாள்.

“பூஜ்யம்” என்றாள்.

மணிக்குக் கீழே தயாராக நின்ற மாலி அம்மாள் உள்ளே போய்விட்டார். நான் வாணியின் பக்கம் திரும்பினேன். “அஞ்சு சொல்லு வாணி. ஒரு தடவ எனக்கு எரியட்டும்.” அவள் எர்னெஸ்டோ முட்டையைக் கரண்டி விளிம்பில் சுழற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “ஒண்ணாவது சொல்லேன். ஒண்ணு.” அவள் திரும்பவில்லை.

கல்லில் எண்ணெய் ஊற்றினார்கள். நெருப்பு எழும்பியது. வெங்காயக் கோபுரம் புகைய ஆரம்பித்தது. அப்போது சொன்னேன். பன்னிரண்டு வருஷத்தையும் சொன்னேன். தெரிந்தே செய்தேன் என்றேன். கை தட்டலுக்காகச் செய்தேன் என்றேன். ரசத்துக்கு உப்புப் பார்த்தவன் உன் முகத்தைப் பார்க்கவில்லை, என்னை மன்னித்துவிடு வாணி என்றேன். வாணி ஓர் இறாலை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

என் இடது தோளில் ஒரு கை விழுந்தது. ஹரால்ட் அழுதுகொண்டிருந்தார். மூக்கின் நுனியில் நீர் தொங்கியது. அவர் பொள்ளாச்சித் தமிழில் பேசினார்.

“உடுங்க. மனசுல ஒண்ணும் வெச்சுக்கலைங்க. மன்னிச்சாச்சுங்க.”

எனக்கு அட்டையின் அடியில் இருந்த வரி ஞாபகம் வந்தது. ‘காரம் முதலியவை’ என்றுதான் போட்டிருந்தார்கள். அந்த ‘முதலியவை’ என்னவென்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

“ஏனுங்க, அவருக்கு என்னங்க ஆச்சு?” என்று வலப்பக்கமிருந்து குரல் கேட்டது. வாணியின் குரல். அந்த மேசையில் அவள் என்னிடம் பேசி முதல் தடவையாகக் கேட்டது.

“வெங்காயப் புகை” என்றேன்.

“புகை இல்லைங்க” என்றார் ஹரால்ட்.

வாணி பதிலுக்குக் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். அப்புறம், பழகிப்போன ஒன்றைச் சொல்லுகிற தொனியில், தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்:

“ஏனுங்க, அடுத்த வாரம் வேற எங்கயாச்சும் போலாமுங்களா?”

ஹரால்டுக்கு அது கேட்டிருக்க முடியாது. ஆனால் அவள் உதட்டைப் பார்த்தே தெரிந்துகொண்டார். கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் குனிந்தார்.

“பன்னண்டு வருசமா வெள்ளிக்கெழமை வெள்ளிக்கெழமை வர்ற அதே தபாலுங்க. எனக்கு வந்ததில்லைன்னு தெரியுமுங்க. ஆனா என் பெட்டியிலதான உளுந்துச்சு? பத்திரமா வெச்சிருக்கறேனுங்க.”

“போகலாம்” என்றேன் வாணியிடம். கத்திச் சொன்னேன். “இன்னைக்கே போகலாம், வாணி.”

“அது எனக்கு வந்திருச்சுங்க” என்றார் ஹரால்ட் மெதுவாக.

வாணி இன்னும் கொஞ்சம் காத்திருந்தாள். பிறகு எல்லா வெள்ளிக்கிழமையும் செய்திருப்பது போலவே சாதத்தின் பக்கம் திரும்பினாள். நான் எழுந்திருக்க முடியாது. நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. நான் பார்க்காத அறுநூறு வெள்ளிக்கிழமைகளையும் அந்த ஒரு திரும்பலில் பார்த்துவிட்டேன். நெஞ்சு அடைத்திருக்க வேண்டும், அடைக்கவில்லை. அந்த அடைப்பும் ஹரால்டுக்குத்தான் போயிருக்க வேண்டும். அவர் மார்பைத் தடவிக்கொண்டார்.

அவள் பாதி சாதத்தை மிச்சம் வைத்தாள். மாலி அம்மாள் அதைப் பெட்டியில் கட்டிக் கொடுத்தார். போகும்போது சுவரிலிருந்த என் படத்தைப் பார்த்தேன். வாணியின் கை இன்னும் தம்ளரைப் பிடித்துக்கொண்டிருந்தது.

வெளியே வந்ததும் அவளுக்கு வலப்பக்கம் போய்விட்டால் போதும் என்று நினைத்தேன். காரை நோக்கி நடக்கும்போது சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனேன். அவள் நின்று, எனக்குப் பின்னால் வந்து, மறுபடியும் என் வலப்பக்கம் சேர்ந்துகொண்டாள். இன்னொரு முறை போனேன். இன்னொரு முறை வந்தாள். மருத்துவர் எழுதியதை நான்கு வருஷம் கழித்து அன்றைக்குத்தான் அவளால் கடைப்பிடிக்க முடிந்தது. சீட்டை எடுத்துக் கொடுத்தவனும் நான்தான்.

காரில் எனக்கு ஓட்டுநர் இருக்கை, இடப்பக்கம். அவள் வலப்பக்கம். பார்சல் அவள் மடியில். ‘பார்சலுக்கும் பொருந்தும்.’

பெரிய சாலை சிக்னலில் சிவப்பு. எங்களுக்கு இடப்பக்க வரிசையில் மரம் ஏற்றிய லாரி ஒன்று வந்து நின்றது. வாணி பார்சல் பெட்டியின் மூடியைச் சரியாக அழுத்தி மூடினாள்.

“ஏனுங்க” என்றாள். “அடுத்த வாரம் வேற எங்கயாச்சும் போலாமுங்களா?”

“போகலாம் வாணி” என்றேன். “நீ எங்க சொல்றியோ அங்க போகலாம்.”

லாரியின் கண்ணாடி இறங்கியது. தொப்பி போட்ட ஒரு பெண் தலையை நீட்டினாள்.

“சரிங்க. வாங்க, போலாமுங்க” என்றாள்.

பச்சை விழுந்தது. லாரி இடப்பக்கம் திரும்பி, ஓரம் கட்டி, எங்களுக்காக நின்றது. நானும் இடப்பக்க விளக்கைப் போட்டேன்.