பதிவில் இல்லாத இரண்டு நாள்

...சிரிக்கிறான் பிரதீஷ், கேமராவுக்குள் தலையை நுழைத்துவிடுவான் போலச் சிரிக்கிறான், காலையில் ஒயரைச் சரியாகச் செருகவில்லையென்று ரஷ்மியை அழ வைத்த வாய்தானே இது, எப்படி வருகிறது இவனுக்கு... திரையில் மூன்று நடுவர்கள், மூன்று நாட்டில் மூன்று நேரத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள், இங்கே நாகர்கோவிலில் எங்கள் கல்லூரி லேபில் மதியம் மூன்றரை, ஏசி ஓடவில்லை. பிரதீஷ் நடுவில், ரஷ்மி இடப்பக்கம், நான் வலப்பக்கம், என் பாதி முகம்தான் திரையில் விழுகிறது, நாற்காலியை அவன்தான் போட்டான். உலகம் முழுக்க உள்ள கல்லூரி மாணவர் குழுக்களுக்கென்று நடக்கும் கணினி வடிவமைப்புப் போட்டி, எழுநூறு குழுவில் பன்னிரண்டு மிஞ்சியிருக்கிறது, இந்த இருபது நிமிடத்தைத் தாண்டினால் இறுதிச்சுற்று, விமானம், களியக்காவிளையில் அவன் அப்பாவின் கடைக்கு முன்னால் ஃப்ளெக்ஸ். அதிலும் அவன்தான் நடுவில் நிற்பான், நான் ஓரத்தில் தபால்தலை அளவில்.

எங்கள் கணினி என்கிறான் ஆங்கிலத்தில். எங்கள். உள்ளங்கை அளவுப் பலகை, மடையோரம் கம்பத்தில் கட்டிவிட்டால் வயலில் நிற்கும் தண்ணீரை அளந்து, போதாவிட்டால் மடைப்பலகையைத் தூக்கும், போதுமென்றால் இறக்கும், எல்லாவற்றையும் நாள்வாரியாகப் பதிந்தும் வைக்கும், அதில் ஓடும் ஒவ்வொரு கோடும் நான் போட்டது, ஒவ்வொரு வரியும் நான் எழுதியது, அவன் வைத்தது பெயர் மட்டும். சுசீந்திரத்தில் எங்கள் வயலில் அதைக் கட்டிய அன்றைக்கு வரப்பில் ஷூவோடு நின்றுகொண்டு, இதுக்குள்ள பாம்பு கெடக்குமா என்று கேட்டவன், அப்பா அவனுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார், குடித்துவிட்டு வெறும் கூட்டை வாய்க்காலில் எறிந்தான்... இப்போது நெல்லைப் பற்றிப் பேசுகிறான், உழவர்களின் கண்ணீர் என்கிறான், தூ.

நரைத்த தலை நடுவர் கேட்டார், வயலில் வைத்துப் பார்த்தபோது எப்போதாவது பிழை செய்ததா என்று. பிரதீஷ் கண் சிமிட்டவில்லை. தொண்ணூறு நாள், ஒருமுறைகூட இல்லை என்றான்.

ஒருமுறைகூட இல்லையா. கன்னிப்பூப் போகத்துக்கு அப்பா பாவியிருந்த நாற்றங்கால், பத்தொன்பதாம் நாள், அளக்கும் கண்ணில் பாசி மூடி, தண்ணீரே இல்லையென்று நினைத்து இரண்டு நாள் இரவு பகலாய் மடையைத் திறந்தே வைத்திருந்தது, நான் விடுதியில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன், சனிக்கிழமை வந்து பார்க்கும்போது நாற்று மொத்தமும் அழுகி நாறுகிறது, அப்பா வரப்பில் குந்தியிருக்கிறார். போனில் பிரதீஷிடம் சொன்னேன். அவன் நாற்றைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "ஏட்டி, அந்த ரெண்டு நாளையும் பதிவுலேருந்து எடுத்துக் களஞ்சிரு, ஒருத்தனுக்கும் தெரியாது." களைந்தேன். அன்று சாயங்காலம் அப்பா என் பக்கத்தில் வந்து நின்றார். மடைப்பலகையைக் கையால் தூக்குவதற்கும் ஒரு பிடி உண்டு, புதன்கிழமை அதைத் தொட்ட ஞாபகம் அவருக்கு.

"மெஷின் சொல்லுமா மக்களே, ஆரு தொறந்ததுன்னு?"

லேப்டாப் திரையில் மிச்சப் பதிவைக் காட்டினேன், இந்தா பாருங்க, மெஷின் திறக்கவில்லை என்றேன். அவருக்கு அந்த எழுத்து எதுவும் தெரியாது, ஆனாலும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முழுதும் பார்த்தார். "அப்பம் நாந்தான். ஓர்மை தப்பிட்டு மக்களே."

அதோடு ஸ்கூட்டரை விட்டுவிட்டார், வழி மறந்து போனால் என்ன செய்ய என்கிறார். அம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள், ஐம்பத்தெட்டு வயதில் இவருக்கு இப்படியென்று. போன வாரம் டாக்டர் நூறிலிருந்து ஏழேழாகக் குறைத்துச் சொல்லச் சொன்னார், அப்பா தொண்ணூற்று மூன்று என்றார், அப்புறம் நிறுத்தி என்னைப் பார்த்தார், பயந்துபோய், வகுப்பில் எழுப்பி நிறுத்திய பிள்ளை மாதிரி, நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்... எல்லாம் இவனால், இந்தச் சிரிக்கிறவனால்.

இல்லை, பிழை செய்தது என்றேன் நான். சத்தமாகத்தான் வந்தது. பிரதீஷின் முழங்கால் மேசைக்கு அடியில் என் முழங்காலை இடித்தது. நாற்காலியை இழுத்துப்போட்டு முழு முகமும் திரையில் விழ உட்கார்ந்துகொண்டு சொன்னேன், பாசி, திறந்து கிடந்த மடை, அழுகிய நாற்று, அது ஒரு விவசாயியின் நாற்று, அந்த இரண்டு நாளை நாங்கள் பதிவிலிருந்து அழித்தோம். அப்பாவுக்காகச் சொன்னேன் என்று வைத்துக்கொள்ள ஆசைதான். இல்லை. அவன் முகம் வெளுப்பதைப் பார்க்கத்தான் சொன்னேன், வெளுத்தது, பார்த்தேன், நன்றாக இருந்தது.

நரைத்த தலைக்காரர் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு, இன்றைக்குக் காலையிலிருந்து தன் பிழையைத் தானே சொன்ன குழு நீங்கள்தான் என்றார், பதிவை அழித்தது தவறு, சொன்னது பெரிது என்றார். அதை எப்படிச் சரிசெய்தீர்கள் என்று கேட்டார், இரண்டு கண் வைத்தோம், ஒன்றை ஒன்று சரிபார்க்கும் என்றேன், தலையாட்டினார். உடனே பிரதீஷ் குனிந்து வந்தான், இதை இன்று சொல்லிவிட வேண்டுமென்று நாங்கள் முன்பே பேசி வைத்திருந்தோம் என்றான். பேசி வைத்திருந்தோமாம். இவன் முங்கவே மாட்டான், எந்த வெள்ளத்திலும் மிதப்பான், கையில் கிடைத்த ஸ்க்ரூ டிரைவரை மேசையில் அழுத்திக்கொண்டே இருந்தேன்.

அதுவரை வாய் திறக்காத, நடுவரில் ஒருவரான அம்மாள் கேட்டார், மெதுவாக, அந்த விவசாயி, உங்கள் கருவிதான் தவறு செய்தது என்று அவரிடம் சொன்னபோது என்ன சொன்னார்.

சிரித்தார் என்றேன். ஒரு மூச்சுகூட எடுக்கவில்லை. மெஷினும் படிக்கட்டும் மக்களே, நாத்து இன்னொருக்கப் பாவிக்கிடலாம், அதுக்கு நீ ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க, என்று சொன்னார் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அந்த அம்மாள் குனிந்து எழுதிக்கொண்டார். அவர் கண்ணில் ஈரம் இருந்ததோ, வெளிச்சமோ.

திரை அணைந்தது. முடிவு வெள்ளிக்கிழமை மெயிலில் வருமாம். ரஷ்மி என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிரதீஷ் சட்டைக் காலரைத் தூக்கி ஊதிக்கொண்டு, "கொள்ளாம் கேட்டியா. ஒங்கப்பா நல்ல மனுசன்" என்றான், கேலியில்லை, நிஜமாகவே நம்பிவிட்டான், அவன்கூட நம்புகிற மாதிரி நான் சொல்லியிருக்கிறேன். ஆனால் நான் எங்கிருந்து எடுத்தேன் அந்த வார்த்தைகளை, யோசிக்கவே இல்லையே, நாக்கில் தயாராக இருந்ததே... அது பொய்யும் இல்லை. அன்று சாயங்காலம் சொல்லியிருந்தால் அப்பா அதைத்தான் சொல்லியிருப்பார், வார்த்தை மாறாமல், அந்த மூஞ்சியைத் தூக்கி வைத்திருப்பது உட்பட. அவர் பக்கத்தில் வந்து நின்றபோதே அது எனக்குத் தெரியும். பிரதீஷுக்குப் பயந்து சொல்லவில்லை என்று இத்தனை மாதமும் நினைத்துக்கொண்டிருந்தேன், சில நாள் அப்பாவுக்குப் பயந்து என்றும். அவன் களை என்றது பதிவை, அப்பாவிடம் சொல்லாதே என்று அவன் சொல்லவேயில்லையே. அவருக்கும் பயந்தில்லை, இவனுக்கும் பயந்தில்லையென்றால், நான் செய்த மெஷின் திறக்கவில்லையென்று திரையைத் திருப்பி அவரிடம் காட்டினேனே, அது எதற்காக.