வெர்லின் சொல்ல மறந்த சொல்

ஆர்ல்டன் ஊர் மைதானத்தில், முப்பதடி உயரத்தில், ஒரு பேஸ்பால் பந்து பத்தொன்பது வருடம் அந்தரத்தில் நின்றது. அது போய் நின்ற ஜூன் மாதத்தில் நெப்ராஸ்கா முழுக்கச் சோளம் முழங்கால் அளவு வளர்ந்திருந்தது, டீசல் விலை ஏறியிருந்தது. பன்னிரண்டு வயதுப் பையன்களின் அந்த ஆட்டத்துக்கு அம்பயர் வெர்லின் ஹ்ருஸ்கா. தபால்காரர், முட்டி இரண்டும் தேய்ந்தவர். அன்றோடு அம்பயர் வேலையை விட்டுவிடுவதாக மனைவி மார்லிஸுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். அரிசோனாவில் மகள் காத்திருந்தாள். பெட்டிகள் காரில் ஏறியாகிவிட்டன.

கடைசி இன்னிங்ஸ். உள்ளூர் அணி ஒரு ஓட்டம் பின்தங்கியிருந்தது. இரண்டு பேர் அவுட். மட்டை பிடித்து நின்ற ட்ராய் சொபோட்காவின் மேல் இரண்டு ஸ்ட்ரைக், அதாவது அடிக்கவேண்டிய இரண்டு பந்தைத் தவறவிட்டிருந்தான். மூன்றாவது விழுந்தால் அவனும் அவுட், எல்லாம் முடியும். வேலிக்குப் பின்னால் அவன் அப்பா டுவேன் தொண்டை கிழியக் கத்தினார்: "யோவ் வெர்லின்! கண்ணாடிய உன் நாய்க்கு மாட்டி விட்டுட்டு வந்துட்டியா?" வெர்லின் இரு கையையும் தூக்கி "டைம்" என்றார். பயிற்சியாளரைக் கூப்பிட்டு, குரல் உயர்த்தாமல், டுவேனைக் கார் நிறுத்துமிடத்துக்கு அனுப்பச் சொன்னார். 'டைம்' சொன்னபின் அம்பயர் வாயால் 'ப்ளே' சொல்லும்வரை பந்து செத்த பந்து, அதை என்ன செய்தாலும் செல்லாது. முப்பத்தோரு வருடத்தில் ஒருமுறைகூடத் தவறவிடாத அந்தச் சொல்லை, அலுப்பில், வெர்லின் மறந்தார். எதிரணிப் பையன் வீசினான். ட்ராய் ஓங்கி விளாசினான். பந்து மேலே போய் அப்படியே நின்றுவிட்டது.

தீயணைப்பு வண்டியின் ஏணியில் ஏறி இரண்டு பேர் பந்தைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தார்கள், அசையவில்லை. பந்து வீசுபவன் கையில் பந்து இல்லாமல் 'ப்ளே' சொல்ல விதியில் இடமில்லை. ஆட்டம் முடியாமல் அம்பயர் ஊரை விட்டுப் போகவும் வெர்லினின் மனம் ஒப்பவில்லை. டுவேன் வீடு தேடி வந்தார். "ப்ளே சொன்னேன்னு ஒரு வார்த்த சொல்லுய்யா. பந்து விழும், பையன் ஜெயிப்பான், நீயும் வெயில் காயப் போய்ச் சேருவ."

"சொல்லலையே, டுவேன்."

மைதானத்தில் அம்பயர் விதியை விளக்கலாம், மன்னிப்பு மட்டும் கேட்கக்கூடாது. கேட்டால் வேலிக்குப் பின்னால் இருப்பவர்கள் தலையில் ஏறிவிடுவார்கள் என்பது வெர்லினின் கட்சி.

வருடங்கள் போயின. பந்தின் மேல் குருவிகள் உட்கார்ந்தன, ஒருமுறை இடி விழுந்தது. ஆட்டக் கமிட்டி கூடி, அடித்த பந்து தொங்கும் பந்தில் பட்டால் அடித்தவன் இரண்டு மூலை ஓடிக்கொள்ளலாம் என்று உள்ளூர் விதி எழுதியது. மார்லிஸ் ஒவ்வொரு பனிக்காலமும் பெட்டியிலிருந்து கம்பளிகளை எடுத்தாள், வசந்தத்தில் திரும்ப வைத்தாள். பத்தொன்பதாவது வசந்தத்தில் வைக்கவில்லை. "எனக்கு அலுத்துப்போச்சு வெர்லின்" என்று மட்டும் சொன்னாள். அது அவரை உலுக்கிவிட்டது.

மறுநாள் ட்ராயின் விதைக்கடைக்குப் போய்த் தொப்பியைக் கழற்றினார். "ப்ளே சொல்ல மறந்தது நான்தான். தப்பு என்னோடது. மன்னிச்சுக்கோப்பா."

"தெரியும் சார். நீங்க சொல்லணும்னுதான் காத்திருந்தேன்."

அந்நேரம் புல் வெட்டிக்கொண்டிருந்தவர் முன்னால் பந்து மெதுவாக வந்து இறங்கியது.

சனிக்கிழமை எல்லோரும் கூடினார்கள். அன்று பந்து வீசிய பையன், இப்போது வழுக்கைத் தலையோடு, லிங்கன் நகரத்திலிருந்து வந்தான். செத்த பந்தை அடித்தது செல்லாது, ட்ராய் மேல் அதே இரண்டு ஸ்ட்ரைக். டுவேனை வெளியேற்றியதும் இன்னும் செல்லுபடியாகத்தான் இருந்தது. கிழவர் கார்களுக்கு நடுவே கைத்தடியோடு நின்றார். வெர்லின் "ப்ளே" என்றார், அவருக்கும் கேட்கும்படி. பந்து முழங்கால் உயரத்தில், அடிக்கவேண்டிய எல்லையின் ஓரத்தை உரசி வந்தது. இடுப்புவலிக்காரன் ட்ராய் பார்த்துக்கொண்டே நின்றான். ஊர் என்ன கேட்க ஆசைப்பட்டது என்று வெர்லினுக்கு நன்றாகவே தெரியும்.

"ஸ்ட்ரைக்" என்றார்.

"குருடா!" என்று கார்களுக்கு நடுவிலிருந்து குரல் வந்தது. ட்ராய் சிரித்துவிட்டான். மார்லிஸ் ஏற்கெனவே காரை முடுக்கியிருந்தாள். தொங்கும் பந்து பற்றிய விதி இன்னும் புத்தகத்தில் இருக்கிறது. அடுத்த அம்பயரும் மனிதர்தானே என்று யாரும் அதை நீக்கவில்லை.