பச்சையம்மன் ஊற்று

பவித்ரனுக்குக் காய்ச்சலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. “உடம்பு முடியல மேடம், இன்னிக்கு வர முடியாது” என்று தன் மேலதிகாரி டாக்டர் விமலாதேவிக்குச் செய்தி தட்டிவிட்டு, அந்தக் கையோடு காரை எடுத்துக்கொண்டு ஈப்போவிலிருந்து சிம்பாங் பூலாய்ப் பக்கம் பறந்துகொண்டிருந்தான். ஒரு பொய்யைக் காப்பாற்ற ஒன்பது பொய் சொல்ல வேண்டும் என்பார்கள். இது எத்தனையாவது என்பது அவனுக்கே மறந்துபோயிருந்தது.

அவனை விரட்டியது அக்கா புஷ்பலதா அனுப்பிய குரல்பதிவு. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

“தம்பி, அம்மா வந்துட்டாடா! கோயில் ஊத்துல தண்ணி பச்சையா வருது, பச்சப் பசேல்னு! கூட்டிப் பெருக்கப் போனேன்லா, நாந்தான் மொதல்ல பாத்தேன். அப்படியே மயங்கி விழுந்துட்டேன். ஆடி வெள்ளி அதுவுமா நம்ம பச்சையம்மா வந்து நிக்கிறாடா. லீவு போட்டுட்டு வா!”

ஊரே கன்னத்தில் போட்டுக்கொண்ட சேதியைக் கேட்டுப் பயந்தவன் அவன் ஒருவன்தான். ஏனென்றால் அந்தப் பச்சையைத் தண்ணீரில் ஊற்றியதே அவன்தான்.

சுண்ணாம்புக் குன்றுக்கு இந்தப் பக்கம் பழைய ரப்பர் தோட்டம். ரப்பர் போய் எண்ணெய்க்குச் செம்பனை வந்தது. தொழிலாளர் குடியிருந்த லயங்களை இடித்தார்கள். சனங்கள் பக்கத்திலிருந்த மலிவு வீடுகளுக்குக் குடிபோனார்கள். பச்சையம்மன் கோயில் மட்டும் குன்றடியிலேயே நின்றுவிட்டது. கோயிலுக்குப் பின்னால் பாறை வெடிப்பிலிருந்து ஓர் ஊற்று கசியும். அதுதான் தீர்த்தம்.

குன்றுக்கு அந்தப் பக்கம், போன வருட அடைமழையில் நிலம் திடீரென்று உள்வாங்கி ஒரு பெருங்குழி விழுந்தது. சுண்ணாம்புப் பாறையின் குணம் அது. அடியில் தண்ணீர் அரித்து அரித்துப் பொந்தாக்கும், மேலே நடக்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது, ஒரு நாள் கூரை இடிந்துவிடும். யாருக்கு உபயோகப்பட்டதோ இல்லையோ, கள்ள லோரிக்காரர்களுக்கு அந்தக் குழி வசதியாகப் போயிற்று. ஆலைக் கழிவைப் பீப்பாய் பீப்பாயாகக் கொண்டுவந்து கவிழ்த்தார்கள். அந்தக் குழிக்குள் இறங்குகிற தண்ணீர் எங்கே போய் வெளியே தலைகாட்டுகிறது என்று கண்டுபிடிப்பதுதான் விமலாதேவியின் ஆராய்ச்சி. பல்கலைக்கழகத்தில் பவித்ரன் அவருடைய உதவி ஆய்வாளன்.

முறை ஒன்றும் பெரிய மாயமில்லை. செம்பழுப்பாக ஒரு சாயப்பொடி. தண்ணீரில் கரைத்தால் பளீரென்ற பச்சை. அதைக் குழியில் ஊற்றிவிட்டுச் சுற்றியுள்ள ஓடைகளிலும் ஊற்றுகளிலும் கரித்துண்டு அடைத்த சின்ன வலைப்பைகளைக் கட்டித் தொங்கவிடுவார்கள். எந்தப் பையில் சாயம் ஒட்டுகிறதோ, குழித் தண்ணீர் அந்த வழியாக வருகிறது என்று பொருள். சாயத்தால் யாருக்கும் கெடுதல் இல்லை. அது எந்தக் குழியிலிருந்து வருகிறது என்பதில்தான் கெடுதல்.

அதற்கு முன்னால் செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு. அந்த வட்டாரத்துத் தண்ணீரைப் புழங்குகிறவர்களிடம் போய், இன்னது செய்யப் போகிறோம் என்று நேரில் சொல்ல வேண்டும். விமலாதேவி அதில் மகா கறார்.

“சனத்துக்குச் சொல்லாமல் அவையின்ர தண்ணியில ஒரு சொட்டும் விடக்கூடாது, பவித்ரன். கோயில் பக்கம் போனீரோ?”

“சொல்லியாச்சு மேடம். அங்க ஊத்து வத்தி வருசக்கணக்காச்சு. பையே கட்ட வேணாம்.”

அவன் போகவும் இல்லை, ஊற்று வற்றவும் இல்லை.

ஏன் போகவில்லை என்று கேட்டால், அந்தத் தோட்டம் அவன் பிறந்த தோட்டம். அதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் விமலாதேவி, “நீர் எந்த இடம்?” என்று சும்மா கேட்டார். அவருடைய வீட்டில் மூன்று தலைமுறையாகப் பட்டதாரிகள். சுவர் முழுக்கக் கறுப்பு அங்கிப் படங்கள். பவித்ரன் “ஈப்போ டவுன் மேடம்” என்றான். அந்தப் பொய் அப்படி ஒட்டிக்கொண்டதுதான். இப்போது அவரைக் கோயிலுக்குக் கூட்டிப்போனால், “அடேய், வீரம்மா மகனா நீயி!” என்று யாராவது கத்துவார்கள். அக்கா விடமாட்டாள். மேடத்தை வீட்டுக்கு இழுத்துப்போய், பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, தம்பி படிக்க வேண்டும் என்பதற்காகத் தான் பள்ளியை விட்டுக் கையுறை ஆலைக்குப் போன கதையை ஆதியோடந்தமாகச் சொல்வாள். அந்தக் கதைக்குத்தான் அவன் பயந்தான். ஏறிவந்த ஏணியை மறைக்கிறவனுக்கு அது நிற்கும் இடத்துப் பக்கம் எட்டிப் பார்க்கவும் பயம்.

பாறையின் சாய்வு வேறு திசை, தண்ணீர் ஆற்றுக்குத்தான் போகும் என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொண்டான். ஆற்றுக்கென்று அளந்து ஊற்றிய சாயம். அவ்வளவும் சுண்டுவிரல் பருமன் ஊற்றில் வந்து சேர்ந்தால் பச்சையாக வராமல் வேறென்ன செய்யும்?

கோயில் தெரியுமுன்பே கார்கள் வரிசைகட்டி நின்றன. லூமுட்டிலிருந்து வந்திருந்தார்கள், பாரிட் புந்தாரிலிருந்து வேன் பிடித்து வந்திருந்தார்கள். ஒருவன் காலிப் போத்தல் விற்றுக்கொண்டிருந்தான். உறுமி மேளம் காதைப் பிளந்தது.

கூட்டத்தின் முகப்பில் அக்கா நின்றாள். மஞ்சள் சேலை, நெற்றி நிறையக் குங்குமம், கழுத்தில் மாலை. கோயில் தலைவர் தர்மேந்திரன் கையால் போட்ட மாலை அது. இத்தனை வருடம் “ஏ புஷ்பா, அந்த மூலையைக் கூட்டு” என்பதைத் தவிர அவளிடம் ஒரு வார்த்தை பேசாத மனுசன், இன்று “அம்மா” என்று கூப்பிட்டுப் பக்கத்தில் கைகட்டி நின்றார். பெண்கள் அவள் காலில் விழுந்து எழுந்தார்கள். செம்பிலிருந்து உத்தரணியால் தீர்த்தம் எடுத்து ஒவ்வொரு கையிலும் அவளே விட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகத்தை அப்படி ஒரு பிரகாசத்தோடு அவன் பார்த்ததே இல்லை.

“வந்துட்டியா!” என்று அவனை முன்னால் இழுத்தாள். “பாரு, காலைலேருந்து இதத்தான் குடிக்கிறேன். முட்டி வலி எங்க போச்சுனே தெரியலடா.” அவன் கண்ணெதிரே ஒரு வாய் குடித்தாள். பிறகு அவன் உள்ளங்கையிலும் விட்டாள்.

பவித்ரன் அந்தப் பச்சையைப் பார்த்தான். கையை உதடு வரைக்கும் கொண்டுபோனான். பிறகு அப்படியே தலையில் தடவிக்கொண்டான்.

அக்காவின் சந்தோசத்தைக் கெடுக்க மனம் வரவில்லை, அதனால்தான் பேசாமல் இருந்தான் என்று எழுதினால், அது அவனுக்கு நான் செய்கிற தயவு. அதில் கால்பங்கு உண்மை இருக்கலாம். மீதி முக்கால் என்னவென்றால், வாயைத் திறந்தால் அடுத்த கேள்வி “ஏண்டா முன்னாடியே சொல்லல?” என்று வரும். அதற்குப் பதில் சொல்வதைவிடச் செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொள்வது சுலபமாக இருந்தது. சாயங்காலம் பெயர் சொல்லாமல் சுகாதார அலுவலகத்துக்குப் போன் பண்ணிவிடலாம் என்று ஒரு திட்டம் வேறு போட்டான். கலாதேவி என்கிற இளம்பெண் போத்தல் மூடியில் தீர்த்தம் வாங்கித் தன் கைக்குழந்தையின் வாயில் புகட்டினாள். பவித்ரன் தலையைத் திருப்பிக்கொண்டு குன்றைப் பார்த்தான்.

வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் வெட்கப்பட்டபடியே சும்மா நிற்க முடிகிறது என்பதையும் அன்றைக்குத் தெரிந்துகொண்டான்.

வரிசை நகர்ந்தது. அதில் சாம்பல் நிறச் சேலையில், செருப்பைக் கழற்றிவிட்டு, கைப்பையைத் தோளில் மாட்டியபடி டாக்டர் விமலாதேவி நின்றார்.

கரிப்பைகளை எடுக்க அவர் தனியாகப் புறப்பட்டு வந்திருக்கிறார். சாலை அடைத்துக் கிடந்திருக்கிறது. ஆடி வெள்ளி, அம்மன் கோயில், கூட்டம். வெள்ளிக்கிழமை விரதம் விடாதவர், கும்பிட்டுவிட்டுப் போவோம் என்று இறங்கிவிட்டார். ஊற்றைக் கூட்டம் மறைத்திருந்தது. செம்புக்குள் இருக்கும் தண்ணீரின் நிறம் யாருக்குத் தெரியும்? அவர் வலது கையைக் குழித்து நீட்டினார். அக்கா உத்தரணியைச் சாய்த்தாள்.

“மேடம்! குடிக்காதீங்க!”

அந்தக் குரல் தன்னுடையதுதான் என்று அவனுக்கே சற்றுப் பொறுத்துத்தான் தெரிந்தது. உறுமி நின்றது.

விமலாதேவி திரும்பி அவனைப் பார்த்தார். பிறகு உள்ளங்கையை வெளிச்சத்துப் பக்கம் சாய்த்துப் பார்த்தார். அவருக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

“இது எங்கட சாயமெல்லோ?”

“ஆமா மேடம்.”

“இங்க வந்து சொல்லிப்போட்டன் எண்டெல்லோ சொன்னீர்?”

அக்கா செம்பை மார்போடு அணைத்துக்கொண்டு கேட்டாள். “எதுக்குடா குடிக்கக் கூடாது?”

அவன் சொன்னான். அந்தப் பக்கத்துக் குழியை, லோரிகளை, பீப்பாய்களை. அந்தத் தண்ணீர்தான் குன்றைக் குடைந்துகொண்டு இங்கே வருகிறது என்பதை. பச்சை தாங்கள் ஊற்றியது என்பதை.

“அப்ப… அம்மா வரலையா?”

அவன் வரவில்லை என்று தலையை ஆட்டினான். அவள் முகத்திலிருந்து அந்தப் பிரகாசம் வடிவதை நின்று பார்க்க வேண்டியிருந்தது. பேசினபோது குரல் உயரவில்லை.

“நான் குடிக்கறப்ப பாத்துக்கிட்டுத்தானே நின்ன? நீ மட்டும் தலையில தடவிக்கிட்ட. கவனிச்சேன்லா. டவுன்ல இருந்துட்டான், கூச்சப்படுறான்னு விட்டுட்டேன். அந்தப் பச்சப் புள்ள வாயில ஊத்துனப்பவும் நீ பேசல. இந்த மேடம் கைய நீட்டுனதுக்கு அப்புறந்தான் உனக்கு வாய் வந்துச்சா?”

செருப்பால் அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

விமலாதேவி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “அம்மா, உங்களுக்கு இவரைத் தெரியுமோ?”

அக்கா அவனைப் பார்த்தாள். அவன் சொல்வான் என்று காத்திருந்தாள். ஒரு நொடிதான். அந்த ஒரு நொடியில் பவித்ரன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான். அவ்வளவு போதும் அவளுக்கு. பட்டமளிப்பு விழாவுக்கு ஏன் தன்னைக் கூப்பிடவில்லை, கூட வேலை செய்கிறவர்கள் யாரையும் ஏன் வீட்டுப் பக்கம் கூட்டிவரவில்லை, எல்லாம் அங்கேயே விளங்கிவிட்டது. கழுத்து மாலையைக் கழற்றிப் படியில் வைத்தாள்.

“தெரியாதுங்க மேடம். யாரோ யுனிவர்சிட்டி சார்.”

கோபத்தில் சொன்னாளா, அவன் மானத்தைக் காப்பாற்றச் சொன்னாளா என்பது இன்றுவரை அவனுக்குத் தெரியாது. எதுவானாலும் வலி ஒன்றுதான்.

அதற்குள் கூட்டம் அவள் மேல் பாய்ந்தது. “அம்மா” என்று கூப்பிட்ட அதே வாய்கள்தான். “சாயத் தண்ணிக்கா மயங்கி விழுந்த?” என்றது ஒன்று. தர்மேந்திரன், “படிக்காத பொம்பள பேச்ச நம்பி ஊரக் கூட்டிட்டோம்” என்று கையை உதறினார்.

“அவங்கள ஒண்ணும் சொல்லாதீங்க!” பவித்ரன் படியில் ஏறினான். குரல் உடைந்து அசிங்கமாக வந்தது. “ஊத்துனது நானு. சொல்லாம விட்டதும் நானு. இங்க வந்தா எங்க அக்காவை மேடத்துக்குக் காட்டணும்னு வெக்கப்பட்டுக்கிட்டு வரல. நான் வீரம்மா மகன். இவங்க என் அக்கா.”

சொல்லிவிட்டான். ஆனால் திரும்பிப் பார்த்தபோது அக்கா அங்கே இல்லை. அவள் கலாதேவியின் கையிலிருந்த போத்தலை வாங்கித் தரையில் கவிழ்த்துவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு, கிளினிக் போக யாரிடம் கார் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

குழந்தைக்கு அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை. தண்ணீரில் என்னென்ன கலந்திருக்கிறது என்பது பரிசோதனை முடிந்தால்தான் தெரியும், அதுவரை யாரும் தொடக்கூடாது என்று சொல்லி விமலாதேவி ஊற்றை அடைக்க ஏற்பாடு செய்தார். பவித்ரனை அவர் ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

“வீடு வீடாய்ப் போய்ச் சொல்லோணும்” என்றார். “நீர்தான் சொல்லோணும். நான் பக்கத்தில நிப்பன்.”

மறுநாள் போனார்கள். ஒவ்வொரு வாசலிலும் அவன் “நான் வீரம்மா மகன் பவித்ரன்” என்று ஆரம்பித்தான். சில வீட்டில் கதவைச் சாத்தினார்கள். ஒரு வீட்டில் கைகொட்டிச் சிரித்தார்கள். அக்கா வீட்டைக் கடைசிக்கு வைத்திருந்தான்.

அவள் கதவைத் திறந்து, பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்து மேடத்துக்குப் போட்டாள். அவன் நின்றுகொண்டே மற்ற வீடுகளில் சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னான். அவள் அடுத்த வீட்டுக்காரி கேட்பதுபோல் கேட்டுக்கொண்டாள்.

“கெட்டிக்காரத் தம்பி. நீங்கள்தான் படிப்பிச்சனீங்களோ?” என்று விமலாதேவி இதமாகக் கேட்டார்.

பவித்ரன் காத்திருந்தான். இத்தனை வருடம் எந்தக் கதைக்குப் பயந்து ஓடினானோ, அந்தக் கையுறை ஆலைக் கதையை இப்போது அக்கா சொல்லமாட்டாளா என்று ஏங்கினான். ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

“அவரு நல்லாப் படிச்சாருங்க மேடம்” என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் தட்டில் இரண்டு தேநீரோடு வந்தாள்.

“பயப்படாம குடிங்க மேடம், பைப்புத் தண்ணிதான்” என்று ஒன்றை அவர் கையில் கொடுத்தாள். பிறகு தட்டை அவன் பக்கம் நீட்டினாள்.

“சார், நீங்களும் எடுத்துக்குங்க.”

பவித்ரன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.