பின்சீட்டு வாடை

அந்த மெக்கானிக்கைத் தெருவில் எல்லோரும் மூக்கண்ணன் என்றுதான் கூப்பிட்டார்கள். மூக்கு ஒன்றும் பெரியதில்லை. பானட்டைத் திறந்து ஒருமுறை குனிந்தாலே எங்கே எண்ணெய் கருகுகிறது, எந்த வயர் சூடாகிறது என்று சொல்லிவிடுவார். பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது.

போன வருஷம் ஒரு காய்ச்சலில் படுத்து எழுந்தபோது அந்த மூக்கு போயிருந்தது. சளிதான் காரணம் என்று நினைத்தார். சளி போயிற்று, வாசனை வரவில்லை. ஒருநாள் அடுப்பில் பால் பொங்கித் தீய்ந்து சமையலறையே நாறியபோது, அடுத்த அறையில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிம்மதியாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மாடிக்குத் துணி காயப்போடப் போயிருந்த மனைவி ஓடிவந்து அடுப்பை அணைத்துவிட்டு அவரையே கொஞ்சநேரம் பார்த்தாள். அன்றிலிருந்து அவளுக்குத் தெரியும். வேறு யாரிடமும் அவர் சொல்லவில்லை.

பட்டறையில் சமாளித்தார். கண்ணும் காதும் இருந்தன. கோளாறு படிக்கும் கருவி ஒன்றும், புகை செலுத்திக் கசிவு கண்டுபிடிக்கும் இயந்திரம் ஒன்றும் வாங்கிப்போட்டிருந்தார். ஆனாலும் குனிந்து மூக்கை உறிஞ்சும் பழக்கத்தை மட்டும் விடவில்லை. வண்டி கொண்டுவருகிறவர்கள் அதை எதிர்பார்த்தார்கள்.

சாம்பல் நிறப் பழைய கார் ஒன்று வந்தது அப்போதுதான். கொண்டுவந்தவர்கள் ஒரு கணவனும் மனைவியும். அவன் கப்பல் சரக்கு அலுவலகத்தில் வேலை பார்த்தான். அவள் செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் இருந்தாள். வயிறு மேடிடத் தொடங்கியிருந்தது. இன்ஜின் விளக்கு எரிகிறது என்று அவன் சொன்னான். காருக்குள் பெட்ரோல் வாடை அடிக்கிறது என்று அவள் சொன்னாள். அவன் சிரித்தான். மாசமாக இருப்பவர்களுக்கு எதைக் கண்டாலும் நாறும் என்று தன் அம்மாவே சொல்வதாகவும், பல் கூடத்து மருந்து வாடை இவள் மூக்கிலேயே தங்கிவிட்டதாகவும் விளக்கினான். இப்போது தன்னைச் சுண்ணாம்பு அச்சு வார்க்கும் பக்கம் மாற்றிவிட்டார்கள், அங்கே மருந்தே கிடையாது என்று அவள் சொன்னதை அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மூக்கண்ணன் கருவியைச் செருகிப் பார்த்தார். பெட்ரோல் ஆவி அடங்கியிருக்க வேண்டிய வழியில் சிறு கசிவு என்று அது காட்டியது. டேங்கில் இருக்கும் பெட்ரோல் சும்மா இருக்காது, ஆவியாகிக்கொண்டே இருக்கும். அந்த ஆவி வெளியே போகாமல் ஒரு குழாய் வழியாகக் கரி அடைத்த டப்பாவுக்குப் போகும். கரி அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வண்டி ஓடும்போது ஒரு வால்வு திறந்து, இன்ஜின் அந்த ஆவியை உறிஞ்சி எரித்துவிடும். இந்த வழியில் ஊசிமுனை அளவுக்கு ஓட்டை விழுந்தாலும் விளக்கு எரியும்.

நிழலில் நின்று குளிர்ந்திருந்த வண்டியில் புகையைச் செலுத்தினார். டேங்க் மூடியைச் சுற்றி வெள்ளையாகப் புகை கிளம்பியது. மூடியின் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தது. புது மூடி போட்டு விளக்கை அணைத்தார். அத்தோடு முடிந்திருக்க வேண்டியது.

கணவன் விடவில்லை. "அண்ணே, உங்க மூக்குதான் பேர் போனதாச்சே. உள்ள மோந்து பாத்து நீங்களே சொல்லிடுங்க. வீட்டுல ஒரு பஞ்சாயத்தாவது தீரும்."

மூக்கண்ணன் பின்கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டார். ஆழமாக மூச்சை இழுத்தார். ஒன்றும் தெரியவில்லை. அவருக்கு எந்த வண்டியிலும் ஒன்றும் தெரிவதில்லை. வெளியே நின்றவர்கள் காத்திருந்தார்கள்.

"வாடை எதுவும் இல்ல சார்" என்றார்.

அவள் திரும்பிப் பார்க்காமல் போய் வண்டியில் ஏறிக்கொண்டாள். அவள் போன விதம் அவருக்கு என்னவோபோல் இருந்தது. புகை வந்த இடத்தை அடைத்தாயிற்று, இனிமேல் வாடைக்கு வழியில்லை என்று தன்னைத் தேற்றிக்கொண்டு அடுத்த வண்டிக்குப் போனார்.

சில வாரம் கழித்து ஒரு உச்சிவெயில் நேரத்தில் அவள் தனியாக அந்தக் காரை ஓட்டிக்கொண்டு வந்தாள். விளக்கு எரியவில்லை. மூக்கண்ணன் சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். ஈரக்கையோடு வந்து என்ன பிரச்சினை என்று கேட்டார்.

அவள் நின்றபடியே பேசினாள். வாடை நிற்கவில்லை. நீங்கள் இல்லை என்று சொன்னபிறகு வீட்டில் வாயைத் திறக்க முடியவில்லை. நேற்று வண்டியிலேயே வாந்தி எடுத்தேன். அதையும் மசக்கை என்றுதான் சொல்கிறார்கள். எனக்குத்தான் மண்டையில் ஏதோ ஆகிவிட்டதோ என்று சந்தேகம் வந்துவிட்டது. குரலில் கோபம் இல்லை. கோபித்து ஓய்ந்துபோனவளின் குரல் அது.

"இன்னொரு தடவ மோந்து பாருங்கண்ணா. இல்லன்னா இல்லன்னு சொல்லிடுங்க. நான் டாக்டரைப் பாக்கறேன்" என்றாள்.

மூக்கண்ணன் கார்க்கதவின் கைப்பிடி வரை போய் நின்றுவிட்டார். மறுபடியும் தலையை உள்ளே விட்டு மூச்சை இழுத்து ஒரு பதிலைச் சொல்லலாம். என்ன சொன்னாலும் அது பொய்தான். பட்டறையில் வேறு யாரும் இல்லை.

"நான் மோந்து பாத்து பிரயோசனம் இல்லம்மா" என்றார். "எனக்கு ஒரு வருஷமா வாசனையே தெரியாது. அன்னைக்கு நான் சொன்னது பொய்."

திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் பக்கத்தில் கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அப்ப வாடை இருக்கலாம்" என்றாள்.

"இருக்கு. நீ சொன்னா இருக்கு. எப்பெப்ப வருது, எங்க உக்காந்தா வருது, எல்லாத்தையும் சொல்லு."

இதை இதுவரை அவளிடம் யாரும் கேட்டதில்லை. முதலில் தடுமாறினாள். பிறகு ஒவ்வொன்றாக வந்தது. தான் ஓட்டும்போது அவ்வளவாகத் தெரியாது. பின்சீட்டில் உட்கார்ந்தால்தான் வரும். மாமியாருக்கு முழங்கால் வலி, முன்சீட்டை விட்டுக்கொடுக்க மாட்டார். அதனால் மூவரும் போகும்போது எப்போதும் பின்னால் தான்தான். பெட்ரோல் நிரப்பிய அன்றும் மறுநாளும் அதிகம். டேங்க் பாதிக்கு இறங்கிவிட்டால் வாடையும் போய்விடும். காலையில் வராது, வண்டி வெயிலில் நின்றால் வரும். இடதுபக்கம் திரும்பும்போது திடீரென்று குப்பென்று ஏறும்.

அவள் சொல்லச் சொல்ல மூக்கண்ணனுக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது. இதில் பாதியை அன்றைக்கே கேட்டிருந்தால் போதும். அன்று டேங்கில் பெட்ரோல் குறைவு, வண்டியும் குளிர்ந்திருந்தது. ஓட்டை ஒன்றுதான் என்று நினைத்ததுதான் தப்பு. விளக்கு எரியாததற்கும் காரணம் இருந்தது. இந்த வண்டியின் கம்ப்யூட்டர், டேங்க் நிரம்பியிருந்தால் கசிவுச் சோதனையே செய்யாது. காலைக் குளிரில், டேங்க் ஓரளவு காலியாக இருந்தால்தான் செய்யும். வாடை அடிக்கும் நேரம் ஒன்று, அது சோதிக்கும் நேரம் வேறொன்று.

நேற்றுத்தான் டேங்கை நிரப்பியிருந்தார்கள். வண்டி வெயிலில் நின்று வந்திருந்தது. ஒரு சுற்றுப் போய்வரலாம் என்று அவளே சொன்னாள். இந்த நேரத்தில் அவள் அந்த ஆவியைச் சுவாசிக்க வேண்டாம் என்று அவர் தயங்கினார். இவ்வளவு நாள் சுவாசித்ததை விடவா என்று கேட்டாள். கண்ணாடிகளைப் பாதி இறக்கிவைத்து, பின்சீட்டில் அவளை உட்காரவைத்து, பட்டறையைச் சுற்றியுள்ள தெருக்களில் மெதுவாக ஓட்டினார். நேராகப் போகும்வரை வாடை இல்லை. மாவு மில் முனையில் இடதுபக்கம் திரும்பியதும் அவருடைய சீட்டைத் தட்டினாள்.

"இப்ப. எனக்குக் கீழேர்ந்து வருது. வலதுபக்கம்."

உடனே திரும்பிவிட்டார்கள். அவளைத் தள்ளிப்போய்க் காற்று வரும் இடத்தில் உட்காரச் சொன்னார். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, தீயணைப்பானை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பின்சீட்டைத் தூக்கினார். சீட்டுக்கு அடியில் தகரத்தில் ஒரு வட்ட மூடி. அதைத் திறந்தால் பெட்ரோல் டேங்கின் மேல்பக்கம் தெரியும். பெட்ரோல் பம்பைத் தாங்கும் பிளாஸ்டிக் தட்டும், அதிலிருந்து குழாய்கள் கிளம்பும் சிறு மூக்குகளும் இருந்தன. வட்ட மூடியைச் சுற்றியிருந்த ரப்பர் கிழிந்திருந்தது, ஆவி காருக்குள் வர அதுதான் வழி. எப்போதோ யாரோ பம்பு மாற்றியவர்கள் சரியாக மூடாமல் போயிருக்கிறார்கள்.

புகையைச் செலுத்தினார். கொஞ்சநேரம் ஒன்றுமில்லை. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தபோது, வலதுபக்கக் குழாய்மூக்கின் அடியிலிருந்து நூல்போலப் புகை எழுந்தது. மயிரிழை விரிசல். குளிரில் ஒட்டிக்கொண்டிருக்கும், சூட்டில் விரியும். டேங்க் நிறைந்திருந்தால் இடது திருப்பத்தில் பெட்ரோல் வலதுபக்கம் ஏறி அந்த விரிசலையே நனைக்கும்.

அவளைக் கூப்பிட்டுக் காட்டினார். அவள் மூக்கைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு தூரத்திலிருந்தே குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது. அந்தப் பிளாஸ்டிக் தட்டை மாற்றும்வரை இந்த வண்டியில் யாரும் ஏறக்கூடாது என்று அவர் சொன்னார். தலையாட்டிவிட்டு ஆட்டோ பிடித்து வேலைக்குப் போனாள்.

பாகம் வர இரண்டு நாள் ஆயிற்று. வேலை முடிந்த சாயங்காலம் இருவரும் வந்தார்கள். பட்டறையில் இன்னும் இரண்டு பேர் தங்கள் வண்டிக்காகக் காத்திருந்தார்கள். எதிர்க்கடை டயர்க்காரரும் வெட்டிப்பேச்சுக்கு வந்திருந்தார். மூக்கண்ணன் பழைய தட்டைக் கையில் எடுத்து விரிசலைக் காட்டினார். கணவன் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அன்னைக்கு நீங்கதானே வாடை இல்லன்னு சொன்னீங்க?"

தன்னால் எந்த வாசனையையும் முகர முடியாது என்பதை மூக்கண்ணன் அத்தனை பேர் முன்னால் சொன்னார். டயர்க்காரர் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார், பிறகு நிறுத்திக்கொண்டார். கணவனுக்குக் கோபம் தலைக்கேறியது. தெரியாது என்றால் தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டாமா, இத்தனை நாள் பிள்ளையை வயிற்றில் வைத்துக்கொண்டு இவள் இந்த வண்டியில் போயிருக்கிறாளே என்று சத்தம் போட்டான். அவன் சொன்னது அத்தனையும் நியாயம்.

அவள்தான் கணவனின் கையைத் தொட்டு நிறுத்தினாள்.

"அவராவது தலையை உள்ள விட்டாரு. நீங்க ஒருநாள் பின்னாடி உக்காந்து பாத்திருக்கலாம்" என்றாள்.

அவன் தட்டை மேஜைமேல் வைத்தான். முகம் சிறுத்துப்போயிற்று. பணத்தைக் கொடுத்துவிட்டு, சாவியை அவளிடம் நீட்டினான். அவள் ஓட்டுநர் சீட்டில் ஏறினாள். அவன் முன்கதவைத் திறந்து, மறுபடி மூடிவிட்டு, பின்னால் போய் உட்கார்ந்தான். அப்படியே போனார்கள்.

செய்தி தெரு முழுக்கப் பரவியது. டயர்க்காரர் ஒரு வாரம் கிண்டல் செய்து ஓய்ந்தார். பழக்கமான இரண்டொருவர் வேறு பட்டறைக்குப் போனார்கள், அதில் ஒருவர் திரும்பி வந்தார். மூக்கண்ணன் என்ற பெயர் மட்டும் மாறவில்லை. குனிந்து மூக்கை உறிஞ்சுவதை அவர் விட்டுவிட்டார். வாடை என்று யாராவது வந்தால் உட்காரவைத்துக் கேட்டார். சந்தேகம் தீராவிட்டால் மனைவியை வரச்சொன்னார். அவள் முணுமுணுத்துக்கொண்டே வந்து முகர்ந்துவிட்டுப் போவாள்.

ஒரு மாதம் கழித்து அந்தப் பெண் போன் செய்தாள். வாடை அறவே இல்லை என்றாள். பிறகு, மூக்கை யாரிடமாவது காட்டினீர்களா என்று விசாரித்தாள். இல்லை என்றார். தனக்குத் தெரிந்த ஒரு மருத்துவரின் இடத்தைச் சொல்லி, போய்விட்டு வந்து தனக்குச் சொல்லவேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னாள்.

போனார். மருத்துவர் உள்ளே விளக்கடித்துப் பார்த்துவிட்டு, சிலருக்குத் திரும்ப வரும், சிலருக்கு வராது என்றார். தினமும் காலையில் நல்ல வாசனையுள்ள நான்கு பொருளை முகர்ந்து பழக வேண்டும் என்று சொல்லியனுப்பினார். மூக்கண்ணன் பஸ் நிறுத்தத்தில் நின்றபடி அவளைப் போனில் அழைத்து அதை அப்படியே சொன்னார்.