எட்டாவது வரி

கணினித் திரைக்குக் கீழே ஒட்டியிருந்த சின்னக் கேமரா என் கண்ணை வேவு பார்த்தது. பார்வை வரியை விட்டு நகர்ந்தால் திரையோரம் சிவப்பு எரியும். மூன்று சிவப்பு விழுந்தால் கவனம் சிதறியவர் என்று பெயர் வைத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பண்டாரவளையில் அந்த மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் பிழை பார்க்கும் வேலைக்கு அதுதான் கடைசித் தேர்வு. எனக்கு அந்த வேலை வேண்டும். அது கிடைக்காவிட்டால் திங்கட்கிழமை அம்மாவோடு நானும் மலைக்குத் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போக வேண்டியதுதான்.

வாசிக்கத் தந்ததும் கொழுந்து பற்றியதுதான். தோட்டத்துப் பெண்களின் கைப்பேசிக்குப் போகவிருந்த அறிவுரை. ஏழு வரி நல்லபடியாகப் போனது. எட்டாவது வரி: 'பறித்த கொழுந்தைப் பையில் நன்றாக அமுக்கி நிரப்பவும்.'

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அமுக்கினால் கொழுந்து சூடேறிச் சிவந்துவிடும். நிறுக்கிற இடத்தில் கழித்துத் தள்ளிவிடுவார்கள். பூனாகலைத் தோட்டத்தில் நாங்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளில் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். கண் தானாக ஜன்னலுக்குப் போனது, அதே வரிக்குத் திரும்பியது, இன்னும் இரண்டு தரம் அப்படியே போய்வந்தது. மூன்று சிவப்பும் விழுந்துவிட்டன.

பொறுப்பாளர் மபாஸ் இரக்கமுள்ள மனிதர்தான். "ஒங்களுக்கு முன்னுக்கு வந்த பன்னிரண்டு பேருக்கும் ஒரு சிவப்புக்கூட இல்ல, தங்கச்சி. கவனம் சிதறினதுக்கு மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் எழுதித் தாங்க. இன்னொரு தரம் வைக்கிறேன்."

"அந்தப் பன்னெண்டு பேர்ல ஒருத்தராவது எட்டாவது வரி பிழைன்னு சொன்னாங்களா சேர்?"

"அது வேற விஷயம்."

வேற விஷயமாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிழை பார்க்க ஆள் எடுக்கிறார்கள், பிழையைப் பார்த்த கண்ணுக்குத் தண்டனை. தாளை வாங்கி எழுதினேன்.

'என் கவனம் சிதறவில்லை. எட்டாவது வரி பிழை. அதன்படி செய்தால் என் அம்மா நாள் முழுக்கப் பறித்தது குப்பைக்குப் போகும். மன்னிப்புக் கேட்க வேண்டியது நானில்லை. இப்படிக்கு, மாடசாமி நிரஞ்சலா.'

மேலோட்டமாகப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. "இத மேலிடத்துக்கு அனுப்பினா வேல கெடைக்காது."

"அனுப்புங்க சேர். ஒருதடவ முழுசா வாசிச்சுட்டு அனுப்புங்க."

நின்றபடியே வாசித்தார். பாதியில் அவர் கண் தாளை விட்டு ஜன்னலுக்குப் போனது. எதிர்மலையில் பறித்துக்கொண்டிருந்தவர்கள் மேல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு தாளுக்கு வந்து, முதல் வரியிலிருந்து மறுபடி தொடங்கினார்.

"இப்பத்தான் சேர் நீங்க வாசிக்கிறீங்க" என்றேன்.