ஓமம் மணத்த பூசை

1938இல் திண்டிவனத்தில் கல்யாணப் பூசைக்குப் புறப்படும் வேளையில், மணப்பெண் சவுரியம்மாளுக்கு வயிறு உப்பி வலித்தது. முந்தின நாள் விருந்தில் தின்ற மல்லாட்டை உருண்டையின், வேர்க்கடலை உருண்டையின், வேலை. ஒரு சிட்டிகை ஓமத்தை மென்று வெந்நீர் குடித்தால் தீரும். ஆனால் பூசையில் நற்கருணை அப்பம் வாங்குகிறவர்கள் நள்ளிரவிலிருந்து மருந்தோ தண்ணீரோ தொடக்கூடாது. மணப்பெண்ணே வாங்காவிட்டால் விழுப்புரத்து மாப்பிள்ளை வீட்டார் என்னென்ன பேசுவார்களோ!

"வாயில போட்டாத்தான பாவம்? வயித்து மேல வெச்சா யாரு கேக்கறது?" என்றாள் அத்தை இருதயமேரி. ஓமத்தை வறுத்துத் துணியில் முடிந்து, தன் முன்கையில் சூடு பார்த்துவிட்டு ஒத்தடம் கொடுத்தாள். வலி போயிற்று. வாசனை போகவில்லை.

தாலி கட்டியாயிற்று. நற்கருணை கொடுக்க வந்த சாமியார், மணமக்கள் முன் நின்று மூக்கைச் சுளித்தார்.

"யார் ஓமம் தின்றது?"

சவுரியம்மாள் முந்தானையை வயிற்றின் மேல் இழுத்து மூடிக்கொண்டாள். வயிற்று ஒத்தடத்தைப் பீடத்தடியில் எப்படிச் சொல்வது?

பக்கத்தில் முழந்தாளிட்டிருந்த மாப்பிள்ளை மரியஅந்தோணிக்கு வேர்த்துக் கொட்டியது.

"மன்னிச்சிக்கோங்க சாமி. காலைலேருந்து வயிறு பேஜாரு பண்ணிக்கினு இருந்திச்சி. ஒரு சிட்டிகைதான் மென்னேன்."

சாமியார் அவளுக்குக் கொடுத்துவிட்டு, அவனைத் தாண்டிப் போனார்.

பந்தியில் மாமியார் ஊரையே கூப்பிட்டுச் சொன்னாள்: "எம்மவன் ஒரு வவுத்து வலி தாங்கல. எம்மருமவளப் பாருங்க, எப்பேர்ப்பட்ட கட்டுப்பாடு!"

சவுரியம்மாள் அடக்கமாகத் தலைகுனிந்து அதையும் வாங்கிக்கொண்டாள்.