பதினாலு மாசப் பூச்சு

எனக்கு மூக்கு மேல கோபம்னு எல்லாரும் சொல்வாங்க. அந்த மூக்குல ஒரு ஓரத்தை டாக்டர் வெட்டி எடுத்துட்டார், கோபம் மட்டும் எங்கேயும் போகல. அறுபத்தாறு வயசுல முகத்துல தோல் புற்றுநோய். மூக்கோட இடது ஓரத்துல ஆரம்பிச்சு கன்னத்துல பாதி வரைக்கும் வெட்டினாங்க. போதலன்னு மறுபடியும் வெட்டினாங்க. காதுக்குப் பின்னால இருந்து தோலை எடுத்து ஒட்டுப் போட்டாங்க. ஒன்பது வாரம் ஆச்சு, புண்ணும் ஆறிடுச்சு. தாராளமா வேலைக்குப் போங்கன்னு டாக்டரே சொல்லிட்டார். வேலைக்கு வந்தும் ஆளுங்க முன்னால வர விடாதது என் மகள்தான்.

நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து பியூட்டி பார்லர் நடத்துறோம். சேர்ந்துன்னு சொல்றது ஒரு பேச்சுக்கு. முப்பத்தோரு வருஷத்துக்கு முன்னால ஒரு நாற்காலி, ஒரு கண்ணாடியோட ஆரம்பிச்சவ நான். பாப்பா பிறகுதான் வந்து சேர்ந்தா. நாற்பத்திரண்டு வயசாகுது, எனக்கு இன்னும் பாப்பாதான். வாசல் பக்கத்து முதல் நாற்காலி என்னுது. நூலைப் பல்லுல கடிச்சுக்கிட்டுப் புருவம் எடுக்கிறதுல என்னை அடிச்சுக்க இந்த வட்டாரத்துல ஆள் கிடையாது. பெருமைக்குச் சொல்லல, கேட்டுப் பாருங்க.

அப்படிப்பட்டவளைப் பாப்பா என்ன பண்ணினா தெரியுமா? வேலைக்குத் திரும்பின முதல் நாளே, தூசி படும்மா, உள்ளேயே இருன்னு பின் ரூமுக்குத் தள்ளிட்டா. துண்டு மடிக்கணுமாம், சீப்பு கழுவணுமாம். போதாததுக்கு முகத்துல மாஸ்க். அம்மா எங்கேன்னு யாராவது கேட்டா, அண்ணன் வீட்டுக்குப் போயிருக்காங்கன்னு வாய் கூசாம சொல்றா. நான் திரைக்கு இந்தப் பக்கம் நின்னு, நான் ஊருக்குப் போன கதையைக் கேட்டுக்கிட்டே துண்டு மடிக்கிறேன். என் மகன் வீட்டுல மருமகளோட நான் நாலு நாள் சேர்ந்தாப்பல சண்டை இல்லாம இருந்ததா சரித்திரமே இல்ல. மூணு வாரமா அங்கதான் இருக்கேனாம்.

ஏன், நான் என்ன திருடிட்டா வந்தேன்? ஒளிஞ்சுக்கிட்டு இருக்கிறதுக்கு? பெத்த பொண்ணுக்கே என் முகம் அசிங்கமாப் போச்சே! மூணு வாரமும் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன்.

இதுல பெரிய கொடுமை என்னன்னா, வேற வீடா இருந்தா ரெண்டாவது மாசமே டாக்டர்கிட்ட ஓடியிருப்பாங்க. நாங்கதான் முகத்தை அழகாக்குறவங்க ஆச்சே! முதல்ல சின்னப் பரு மாதிரிதான் வந்துச்சு. பொருக்குத் தட்டும், உதிரும், லேசா ரத்தம் கசியும், மறுபடி பொருக்குத் தட்டும். முகத்துல பருவை வெச்சுக்கிட்டு அடுத்தவங்க முகத்துக்கு வைத்தியமான்னு சிரிப்பாங்களேன்னு, தினமும் காலையில கடை திறக்கிறதுக்கு முன்னால பாப்பா என்னை உட்கார வெச்சு கறையை மறைக்கிற கன்சீலர் க்ரீமைப் பூசிவிடுவா. பதினாலு மாசம், ஒரு நாள் தவறல. ஏன் இவ்வளவு நாள் காட்டலன்னு டாக்டர் கேட்டப்ப, மறைச்சு வெச்சிருந்தோம்னு நான்தான் சொன்னேன். பாப்பா தன் கைவிரலையே பார்த்துக்கிட்டு இருந்தா.

போன செவ்வாய்க்கிழமை பெரிய டீச்சர் வந்தாங்க. இருபது வருஷமா என்கிட்ட புருவம் எடுக்கிறவங்க, பக்கத்து ஸ்கூல் ஹெட்மிஸ்ட்ரஸ். அன்னைக்கு அவங்களுக்குப் பணி ஓய்வு விழாவாம், போட்டோ எடுப்பாங்களாம். காதுக்கும் கண்ணுக்கும் நடுவுல ஒரு புள்ளி நாலு மாசமா ஆறவே மாட்டேங்குது, தொட்டா ரத்தம் வருது, அது தெரியாம பண்ணிவிடும்மான்னு பாப்பாகிட்ட சொன்னாங்க. உள்ளே நான் மடிச்ச துண்டைக் கீழே வெச்சுட்டேன். டாக்டரைப் பாருங்கன்னு இப்ப சொல்லுவா, இப்ப சொல்லுவான்னு காத்துக்கிட்டு இருந்தேன். கன்சீலர் டப்பா மூடியைத் திருகுற சத்தம்தான் கேட்டுச்சு.

எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிடுச்சு. மாஸ்க்கைப் பிடுங்கிப் போட்டுட்டு வெளியே வந்தேன். கண்ணாடியில என்னைப் பார்த்ததும் டீச்சர் தூக்கிவாரிப் போட்டுத் திரும்பினாங்க. நான் அவங்க முகத்துக்கு நேரா குனிஞ்சேன்.

"நல்லாப் பாருங்க டீச்சர். எனக்கும் இப்படித்தான் சின்னதா இருந்துச்சு. பூசிப் பூசி இவ்வளவு வெட்ட வேண்டியதாப் போச்சு. உங்களுக்கு அதுதானான்னு எனக்குத் தெரியாது, டாக்டருக்குத் தெரியும். இன்னைக்குப் புள்ளியோடவே போய் போட்டோவுக்கு நில்லுங்க."

நல்ல நாளும் அதுவுமா இப்படியா பேசுவாங்கன்னு டீச்சருக்கு மூஞ்சி சிவந்துடுச்சு. பையை எடுத்துக்கிட்டு விறுவிறுன்னு போனாங்க. தெரு முனை வரைக்கும் போயிட்டு, போன வேகத்துல திரும்பி வந்து, என் மூஞ்சியைப் பார்க்காமலே டாக்டர் விலாசத்தை எழுதி வாங்கிக்கிட்டுப் போனாங்க.

அவங்க தலை மறைஞ்சதும் பாப்பாவைப் பிடிச்சுக்கிட்டேன். மூணு வாரமா அடக்கி வெச்சது மொத்தமும் கொட்டிடுச்சு. மனுஷியாடி நீன்னு கேட்டேன். வாயில என்ன கொழுக்கட்டையான்னு கேட்டேன். அம்மா மூஞ்சியைக் காட்ட அவ்வளவு வெட்கமா இருந்தா வேற கடை பார்த்துக்கோன்னும் சொல்லிட்டேன். டப்பாவைக் கையில வெச்சுக்கிட்டு அவ அப்படியே நின்னா.

"டாக்டரைப் பாருங்கன்னு சொன்னா, ஏன்னு கேட்பாங்கம்மா. எங்க அம்மாவுக்கு நான்தான் பூசி மறைச்சேன்னு சொல்லணும். எனக்கு வாய் வரல. மத்தவங்க பார்ப்பாங்கன்னு உன்னை உள்ளே வைக்கல. என்னாலதான் பார்க்க முடியல."

வெட்கம்னு நினைச்சுக்கிட்டு இருந்தேனே, பாவி. அழறதுக்குப் பதிலா எனக்குக் கோபம்தான் மறுபடி வந்துச்சு.

"நீ பூசினே, சரி. மூஞ்சியை நீட்டினது யாரு? முப்பத்தோரு வருஷமா அடுத்தவங்க தோலைப் பார்க்கிறவ நான், எனக்குத் தெரிஞ்சிருக்க வேண்டாமா? என் தப்பையும் சேர்த்து நீ ஒருத்தியே சுமக்காதே."

தழும்பை ரெண்டு வேளையும் தேய்ச்சு விடணும்னு டாக்டர் சொல்லியிருந்தார். அதுவரைக்கும் தினமும் நானேதான் தேய்ச்சுக்கிட்டு இருந்தேன். வர்றவங்க முகத்தையெல்லாம் தேய்க்கிற என் மகள் ஒரு தடவைகூட, கொடும்மான்னு கேட்டதில்ல. போய் முதல் நாற்காலியில உட்கார்ந்தேன். தேய்ச்சு விடுன்னேன். டப்பாவைக் கீழே வெச்சுட்டுப் பக்கத்துல வந்தா. கட்டை விரலை என் கன்னத்துல வெச்சுப் பட்டும் படாம தடவினா. தடவாதே, அழுத்தித் தேய்னு அதட்டினேன்.

அந்த நேரம் பார்த்து ரெண்டு பொண்ணுங்க கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாங்க. பாப்பா கையை எடுக்கல.

"உட்காருங்க," அப்படின்னா. "எங்க அம்மாவுக்கு முடிச்சுட்டு வர்றேன்."